கலசத்துக்குள் மஞ்சள் குங்குமம்

தென்காசிக்கு மேலே பறப்பவை கொக்கு, பட்டம், சாரல் காலத்தில் குற்றாலத்துப் பக்கமிருந்து காற்று தூக்கிவரும் பிளாஸ்டிக் பைகள். எப்போதாவது ஒரு விமானம் போனால் அது வேறு ஊருக்கு வேறு ஜோலியாகப் போகிறது என்று பொருள். அதுவும் மேகத்துக்கு மேலே. சத்தம் மட்டும்தான் நமக்கு. இப்படிப்பட்ட ஊரில் உட்கார்ந்துகொண்டு நான் பழைய விமானங்களை அடையாளம் காண்கிறேன். சிவகிரியில் உட்கார்ந்துகொண்டு ஒருவன் திமிங்கிலம் வளர்ப்பு பற்றிப் பேசினால் எப்படி இருக்குமோ அப்படி. என் மனைவி இதை இன்னும் சுருக்கமாகச் சொல்வாள்.

பிழைப்புக்குக் கண்ணாடிக் கடை. மற்றவர்களைச் சுவரில் மாட்டிய எழுத்துகளைப் படிக்கவைத்து, படிக்க முடியாத வரியில் என் வியாபாரத்தைத் தொடங்குகிறேன். ஆள் வராத மதிய நேரங்களில் கைபேசியில் ஒரு குழுவைத் திறப்பேன். உலகத்தின் பல மூலைகளில் என்னைப் போன்றவர்கள் அதில் இருக்கிறார்கள். யாராவது ஒருவர் மங்கலான ஒரு படத்தைப் போடுவார்: ஒரு கல்யாண கோஷ்டி, பின்னால் புல்வெளி, ஓரத்தில் ஏதோ ஒன்றின் வால். ‘இது எந்த விமானம்?’ என்பார். நாங்கள் மணமகளைப் பார்க்க மாட்டோம். வாலைப் பார்ப்போம்.

இதில் முக்கியமான நுணுக்கம், முழு விமானத்தைப் பார்க்கக் கூடாது என்பதுதான். முழுதாகப் பார்த்தால் எல்லாம் ஒன்றுபோல இருக்கும். வால் சக்கரம் எப்படி மடங்குகிறது, ஜன்னல் சட்டம் எத்தனை துண்டாகப் பிரிகிறது, புகைக்குழாய் எந்தப் பக்கம் எட்டிப்பார்க்கிறது என்று பார்க்க வேண்டும். பிரபலமான விமானங்களை யாரும் என்னிடம் கேட்பதில்லை. அவற்றைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளே சொல்லிவிடும். யாரும் விரும்பாத, யாரும் படம் வரையாத, தயாரித்தவர்களே மறக்க நினைத்த விமானங்கள்தான் என் பேட்டை. அவற்றுக்கும் எனக்கும் ஏதோ ஒரு பொருத்தம் இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். எனக்கு உயரம் ஆகாது. மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவருக்கு ஒரு கை நீளம் தள்ளியே துணி காயப்போடுவேன். விமானத்தில் ஒரே ஒருமுறை, தூத்துக்குடியிலிருந்து சென்னைக்குப் போயிருக்கிறேன், கண்ணை இறுக மூடியபடி. பக்கத்து இருக்கைக்காரர் தியானம் என்று நினைத்து மரியாதையாக முழங்கையை விலக்கிக்கொண்டார்.

இனி கலசத்துக்கு வருகிறேன்.

எங்கள் குலதெய்வம் சாஸ்தா. கோயில், தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் வழியில் பிரதான சாலையைவிட்டு உள்ளே இறங்கினால் குளத்தங்கரையில் இருக்கிறது. பங்குனி உத்திரத்தன்று மட்டும் கார் நிறுத்த இடம் கிடைக்காது. மற்ற நாட்களில் ஆடுகள் நிற்கும். சின்னக் கோயில், கருவறைக்கு மேல் சின்னக் கோபுரம், அதன் உச்சியில் ஒற்றைக் கலசம். பங்காளிகளான எங்களில் பாதிப்பேர் போலீசிலும் பட்டாளத்திலும் இருக்கிறார்கள். மிச்சப் பாதியில் விவசாயம், கடை, வளைகுடா. எல்லோரையும் ஒன்றாகக் கட்டிவைத்திருப்பவை இரண்டு: சாஸ்தா, ஒரு வாட்ஸ்அப் குழு. சாஸ்தா அமைதியானவர்.

ஆவணியில் கும்பாபிஷேகம் என்று முடிவாகி, பாலாலயம் செய்து சாமியைப் படத்துக்கு மாற்றிய பிறகு கோபுரத்தில் சாரம் கட்டிக் கலசத்தை இறக்கினார்கள். ஒவ்வொரு கும்பாபிஷேகத்துக்கும் அதன் மேல் தங்க நிற பெயின்ட் அடிப்பது எங்கள் வழக்கம். பழைய பெயின்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே அடிப்பதும் எங்கள் வழக்கம். இந்தத் தடவை வந்த பெயின்டர் ஒழுங்கானவர். சுரண்டினார். உள்ளே வெள்ளையாக மின்னியது.

குழுவில் படம் வந்தது. கீழே ‘வெள்ளியா பாருங்க’ என்று ஒரு வரி. அதற்குக் கீழே கும்பிடும் கைகள், கும்பிடும் கைகள், மேலும் கும்பிடும் கைகள். முன்னோர்களின் பெருமை பற்றிக் கடையநல்லூரிலிருந்து ஒரு நீண்ட பத்தி.

கடையில் ஒருவருக்குக் கண்ணாடிச் சட்டம் காட்டிக்கொண்டிருந்த நான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கூர்மையாக முடியும் கூம்பு. அடிப்பக்கம் ஓரமாகத் திருகாணித் துளைகள் வரிசையாக. அடியிலிருந்து மேலே ஏறும் வளைந்த வெட்டு ஒன்று. அதைப் பிற்காலத்தில் யாரோ தகடு வைத்து அடைத்திருந்தார்கள். எத்தனையோ பங்குனி உத்திரங்களுக்கு அண்ணாந்து பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்ட பொருள். பழைய விமானங்களில் புரொப்பெல்லரின் நட்டநடுவே மூக்குப்போல நீட்டிக்கொண்டிருக்குமே கூம்பு, அது. வளைந்த வெட்டு, புரொப்பெல்லரின் அலகு வெளியே வரும் வழி.

என் சந்தோஷத்தை எப்படிச் சொல்ல? உலகமெல்லாம் போய் வால் தேடியவனுக்குக் குலதெய்வத்தின் உச்சந்தலையில் மூக்கு கிடைத்திருக்கிறது. உடனே தட்டினேன்: ‘வெள்ளி அல்ல, அலுமினியம். இது பழைய விமானத்தின் மூக்கு. சண்டை விமானமாக இருக்கலாம். நம் மலையில் விழுந்ததாகக்கூட இருக்கலாம்.’ பக்கத்தில் ஒரு விமானப் படமும் போட்டேன்.

கடைசி வாக்கியத்துக்கு ஆதாரம் கிடையாது. அடையாளம் காண்கிறவர்களுக்கு இது ஒரு வியாதி. தெரிந்ததைச் சொல்லி முடித்த பிறகும் கட்டைவிரல் நிற்காது.

கும்பிடும் கைகள் நின்றுபோயின. பிறகு சிவகிரிச் சித்தப்பாவின் குரல் வந்தது. அவர் எழுத மாட்டார், பேசி அனுப்புவார்.

“ஏ தம்பி, விழுந்த பிளேன்னா உள்ள ஆளு இருந்திருப்பான்லா? செத்திருப்பான்லா? செத்தவன் சாமானையாடே இத்தன வருசமா சாஸ்தா தலையில வச்சிக் கும்பிட்டோம்? எனக்குக் கையி நடுங்குது.”

கை நடுங்கினாலும் அடுத்த செய்தியைச் சீக்கிரமே அழுத்திவிட்டார். “ஒண்ணும் கவலப்படாதீங்க. சுத்தமான செம்புல ஒரு கலசம் நான் செஞ்சி தாரேன். சொல்லியாச்சு.”

எப்போது சொன்னார், எப்படி அவ்வளவு சீக்கிரம் சொன்னார் என்று யாரும் கேட்கவில்லை. அதற்குள் மற்றவர்கள் கணக்குத் தீர்க்க ஆரம்பித்திருந்தார்கள். சுரண்டையில் ஒருவர் போட்ட ஆழ்துளைக் கிணற்றில் தண்ணீர் வராதது, ஒரு மருமகனுக்கு எஸ்.ஐ. பதவி உயர்வு தள்ளிப்போனது, இன்னொருவரின் மகள் கல்யாணம் முறிந்தது என எல்லாவற்றுக்கும் காரணம் கிடைத்துவிட்டது. துபாயிலிருந்து ஒருவர் தனக்கு முடி கொட்டுவதையும் சேர்த்தார். கோயில் விமானத்தின் மேல் ஆகாய விமானமா என்ற சிலேடையை மூன்று பேர் தனித்தனியாகக் கண்டுபிடித்தார்கள். கோபுரத்துக்கு அப்படியும் ஒரு பெயர் இருப்பதால் வந்த வினை. நான் அந்தப் பக்கம் போகவில்லை.

மாலையில் என் மனைவி கேட்டாள்: “ஏங்க, வெள்ளின்னு நெனச்சி சந்தோஷமா இருந்தாங்க. நீங்க அலுமினியம்ங்கதோட நிறுத்தியிருக்கலாம்லா?”

“உண்மையச் சொன்னேன்.”

“பாதி உண்மைதான சொன்னீங்க. மீதி பாதி நீங்களா சேத்தது. அதுலதான் ஆளு செத்துப்போனான்.”

அவள் பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்துகிறாள். அவளோடு வாதம் செய்வது வீண்.

மறுநாள் காலை அண்ணன் கடைக்கு வந்தார். பெரியப்பா மகன், எனக்கு அண்ணன், ஊருக்கு அண்ணாச்சி, கோயிலுக்குத் தர்மகர்த்தா. போலீசில் எஸ்.ஐ.யாக இருந்து ஓய்வுபெற்றவர். ஓய்வு மீசைக்கு இன்னும் தெரியாது. எழுத்துப் பலகைக்கு எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்து, நான் வாடிக்கையாளரை அனுப்பும்வரை பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கடைசி வரி தெரியலலே.”

“உங்க வயசுக்குத் தெரியாதுண்ணே. கண்ணாடி போட்டுப் பாக்கீங்களா?”

“நான் அதுக்கு வரல.” பலகையிலிருந்து கண்ணை எடுத்தார். “அது எங்கப்பா வச்ச கலசம்னு ஒனக்குத் தெரியுமா?”

தெரியாது. பெரியப்பா ஏர்ஃபோர்ஸில் இருந்தவர் என்று மட்டும் தெரியும். எங்கள் குடும்பத்தில் அதற்குமேல் யாரும் விளக்குவதில்லை. நான் பிறப்பதற்கு முன்பே அவர் வேலையை முடித்துக்கொண்டு ஊர் வந்துவிட்டார். நான் பார்த்த பெரியப்பா, வயலில் குடை பிடித்து நிற்கிற மெலிந்த மனிதர்.

“கோயில் எடுத்துக் கட்டும்போது எல்லாரும் ஆளுக்கு ஒண்ணு செஞ்சாங்க,” என்றார் அண்ணன். “கல்லுல பேரு வெட்டியிருக்கு, பாத்திருப்ப. மணி அவரு உபயம், படி இவரு உபயம்னு. எங்கப்பா பேரு எங்கனயும் கெடயாது. கலசத்துக்குச் செம்பு வாங்க முடியாம எல்லாரும் முழிச்சப்ப, அவரு டிரங்குப் பெட்டியத் தொறந்து இத எடுத்துக் குடுத்தாராம். அங்கன நின்னு அண்ணாந்து பாக்கும்போதெல்லாம் எனக்கு அவரத்தான் தெரியும்.”

“அண்ணே, நான் ஏதோ அவசரத்துல...”

“கேளு. ஞாயித்துக்கெழம பங்காளிக எல்லாரும் கூடுதாங்க. சாவுச் சாமான்னு முடிவெடுத்தாங்கன்னா சிற்றாத்துல விட்டுருவாங்க. சித்தப்பா செம்போட தயாரா இருக்காரு. அதுக்குள்ள நீ வந்து பாத்துச் சொல்லணும்.” எழுந்தார். “எங்கப்பாவுக்காவப் பொய் சொல்லுன்னு சொல்ல வரல. சாவுச் சாமான்தான்னா நானே கொண்டுபோயி விடுதேன். ஆனா இருக்கலாம், இருக்கலாம்னு எழுதாத. அந்த வார்த்தைய கேஸ் கட்டுல எழுதுனா ஜட்ஜ் ஏட்டைக் கிழிச்சிருவாரு.”

பழைய விமானங்கள் பற்றி உலகம் முழுவதிலும் நான் சொன்ன கருத்துகளில் ஒன்றைக்கூட யாரும் இவ்வளவு அக்கறையாகக் கேட்டதில்லை.

கடையைச் சாத்திவிட்டு, கண்ணாடி வில்லைகளில் கீறல் பார்க்கும் பெருக்காடியையும் டார்ச்சையும் எடுத்துக்கொண்டு அவர் பின்னால் ஸ்கூட்டரில் போனேன். சாரல் விழுந்துகொண்டிருந்தது. மலை இருக்கும் திசையில் மலை இல்லை, வெறும் வெள்ளை.

கலசம் மண்டபத்தில் நெல் பரப்பிய இலையின் மேல் இருந்தது. கலசத்துக்குள் வரகு நிரப்பி வைப்பது முறை. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கும்பாபிஷேகத்தின்போது பழையதைக் கொட்டிப் புதியதை நிரப்புவார்கள். பூசாரி ஏற்கெனவே கொட்டிச் சுளகில் வைத்திருந்தார். என்னைக் கண்டதும் அவர் முகத்தில் ஒரு மரியாதையும் பயமும் கலந்து வந்தன, இன்னும் எதைச் சொல்லித் தொலைக்கப் போகிறானோ என்பதுபோல.

“இதப் பாருங்க சார், பாத்துட்டுப் பேசுங்க,” என்று கலசத்தை மெல்லச் சாய்த்து உள்ளே காட்டினார். “உள்ள பூசுன மஞ்சளும் குங்குமமும் இன்னைக்கி வச்ச மாதிரி இருக்கு. போன கும்பாபிஷேகத்துலயும் இப்படித்தான் இருந்திச்சாம். எங்கப்பா சொல்லுவாரு. செத்தவன் சாமான்ல இப்படி நிக்குமா?”

டார்ச் அடித்துப் பார்த்தேன். உள்சுவர் முழுக்கப் பச்சை கலந்த மஞ்சள். ஒரு பக்கத்தில் சிவப்பு. வரகு உரசி உரசி மெருகேறியிருந்ததே தவிர நிறம் மங்கவில்லை. இந்தப் பச்சை மஞ்சளை நான் நூற்றுக்கணக்கான படங்களில் பார்த்திருக்கிறேன். அலுமினியம் அரிக்காமலிருக்க விமானங்களின் உட்பகுதிகளில் அடிக்கும் அடிப்பூச்சு. பூசாரியின் முகத்தைப் பார்த்தேன். சொல்லவில்லை. என் மனைவி அருகில் இருந்திருந்தால், கட்டைவிரல் முதல்முறையாக நின்றது என்று பாராட்டியிருப்பாள்.

முதலில் வெட்டுகளை எண்ணினேன். படத்தில் தெரிந்த வெட்டு ஒன்று. கலசத்தைத் திருப்பினேன். நேர் எதிர்ப்பக்கத்தில் இன்னொன்று. அதுவும் தகடு வைத்து அடைக்கப்பட்டிருந்தது. அவ்வளவுதான். மூன்றாவது கிடையாது.

“ரெண்டு அலகுதாண்ணே,” என்றேன். “சண்டை விமானத்துல மூணு, நாலு இருக்கும். இது சின்னது. பயிற்சி விமானம். பையன்கள ஓட்டப் பழக்குதது.”

“பழகுதவன் விழ மாட்டானா?”

நியாயமான கேள்வி. பழகுகிறவன்தான் அதிகம் விழுவான். நெல்லின் மேல் குப்புறப் படுத்து, பெருக்காடியைக் கண்ணில் வைத்துத் திருகாணித் துளைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பூசாரி என்னைத் தாண்டிப் போக வேண்டியிருந்தபோதெல்லாம் சுற்றிக்கொண்டு போனார். விமானம் விழுந்தால் முதலில் தரையில் குத்துவது மூக்குதான். இதில் ஒரு நசுக்கல் இல்லை. அது மட்டுமல்ல. திருகாணி ஒருமுறை இறுக்கினாலே துளையைச் சுற்றிப் பூச்சில் வட்டமாக ஒரு தேய்மானம் விழும். இங்கே ஒரு துளையிலும் அந்த வட்டம் இல்லை. மஞ்சள் பூச்சு துளையின் விளிம்புவரை அப்படியே இருந்தது.

எழுந்து உட்கார்ந்தேன். சட்டை முழுக்க நெல்.

“அண்ணே, இது விழவே இல்ல. விழுததுக்கு மொதல்ல பறக்கணும்லா, இது பறக்கவும் இல்ல. எந்த விமானத்துலயும் இத மாட்டவே இல்ல. புத்தம் புதுசு.”

அண்ணன் கையெடுத்துச் சாமி படத்தைப் பார்த்துக் கும்பிட்டார். பூசாரி மணியை ஒருமுறை ஆட்டினார். நானும் என்னைக் கொஞ்சம் மெச்சிக்கொண்டேன்.

கும்பிட்ட கையை அண்ணன் முழுதாக இறக்கவில்லை. பாதியில் நின்றது.

“புதுசா?”

“ஆமாண்ணே.”

“மாட்டாத புதுச் சாமான் எங்கன இருக்கும்?”

எனக்குப் பதில் தெரியும். சொல்லப் பிடிக்கவில்லை. அவர் பூசாரியைத் தேங்காய் வாங்கிவர அனுப்பிவிட்டு மண்டபத்துப் படியில் உட்கார்ந்தார்.

“ஸ்டோர்ல இருக்கும்,” என்று அவரே சொன்னார். “எங்கப்பா பிளேன் ஓட்டுனாருன்னு ஊர்ல நெனைக்காங்க. ஓட்டல. வடக்க ஒரு டிரெய்னிங் கேம்ப்ல ஸ்டோர்ல இருந்தாரு. எனக்குத் தெரியும். நான் யாருட்டயும் சொன்னதில்ல.”

தகரக் கூரையில் சாரல் தட்டிக்கொண்டிருந்தது. முப்பது வருஷத்துக்கு மேல் மற்றவர்கள் வீட்டுப் பெட்டிகளைத் திறந்து ‘இது எங்கிருந்து வந்தது’ என்று கேட்ட மனிதர் அவர். தன் அப்பாவின் டிரங்குப் பெட்டியை இப்போது மனதுக்குள் திறந்து பார்க்கிறார் என்று தெரிந்தது.

“இது வேற யாருக்கும் தோணாதுண்ணே.”

“எனக்குத் தோணிட்டுல்லா.” கலசத்தைப் பார்த்தார். “சாவுச் சாமானா இருந்தாக்கூடத் தேவலலே. அது தெரியாம நடந்தது. இது...”

செத்துப்போன விமானியை உயிர்ப்பித்துவிட்டு, அந்தக் கையோடு பெரியப்பாவைத் திருடனாக்கியிருந்தேன். ஒரு காலைப் பொழுதுக்கு இது அதிகம்.

வேறு எதுவும் செய்யத் தோன்றாமல் மறுபடியும் டார்ச்சை உள்ளே அடித்தேன். இந்தத் தடவை அந்தக் குங்குமத்தைப் பார்த்தேன். கட்டைவிரலால் தேய்த்தேன். ஒட்டவில்லை. கைக்குட்டையை நனைத்துத் துடைத்தேன். வரகுத் தூசி போனதும் சிவப்புக்கு உருவம் வந்தது. அகலமான தூரிகையால் அவசரமாக இழுத்த இரண்டு கோடுகள், ஒன்றின் குறுக்கே ஒன்று. பெருக்கல் குறி. குங்குமத்தை யாரும் அப்படி வைப்பதில்லை.

அந்தக் குறிக்கு நேர் கீழே துளை வரிசையை விரலால் தடவிப் பார்த்தேன். ஓரிடத்தில் துளை நீண்டிருந்தது. ஒன்றல்ல, ஒட்டிய இரண்டு. முதலில் தப்பான இடத்தில் போட்டுவிட்டு, பிறகு சரியான இடத்தில் போட முயன்று, இரண்டும் ஒன்றோடொன்று கலந்துபோயிருந்தன.

“அண்ணே, இங்க வாங்க. கைய வைங்க.”

வைத்தார்.

“தப்பா துளை போட்டுட்டாங்க. இத மாட்டிப் பறந்தா ஆடும். அதனால வேண்டாம்னு கழிச்சிருக்காங்க. கழிச்ச சாமான யாரும் தெரியாம எடுத்து மாட்டிரக் கூடாதுன்னு செவப்பு பெயின்டால குறுக்க அடிச்சிருவாங்க. அதான் இது. பெரியப்பா ஸ்டோர் அலமாரில இருந்து எடுக்கல. குப்பைக்குப் போனத எடுத்திருக்காரு.”

அவர் உள்ளே குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு, சாட்சியைக் கேட்கும் குரலில், “எனக்காவச் சொல்லுதியா?” என்றார்.

“பொய் சொல்லணும்னா இதவிட நல்லதா சொல்லியிருப்பேண்ணே. சாமி சக்தின்னு சொல்லியிருப்பேன்.”

அதற்கு மேல் எனக்கே ஒரு சாட்சி தேவைப்பட்டது. படங்களை எங்கள் குழுவுக்கு அனுப்பினேன். நியூசிலாந்தில் ஆட்டுப்பண்ணை வைத்திருக்கும் ஒருவர் எங்களில் புரொப்பெல்லர் கூம்புகளுக்கு மட்டுமே வாழ்கிறவர். அவரோடு ஒப்பிட்டால் நான் சராசரி மனிதன். அவர் பதில் சனிக்கிழமை வந்தது. கழித்துப் போட்ட உதிரிதான், சந்தேகமில்லை. அளவைப் பார்த்தால் பெரும்பாலும் பிரெண்டிஸ் என்கிற பயிற்சி விமானத்துக்கானது. எனக்கு மனம் நிறைந்துவிட்டது. பிரெண்டிஸைப் போல அவலட்சணமான விமானத்தைப் பார்க்க முடியாது. வைத்த இடத்தில் இறக்கை சரிப்படாமல் நுனியை மேலே மடித்துவிட்ட பிறவி. அதற்காக யாரும் கண்ணீர்விட்டதில்லை. அந்த விமானத்திலேயே கழித்துப் போட்ட மூக்கு எங்கள் குலதெய்வத்துக்கு வாய்த்திருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. சிவகிரிச் சித்தப்பா சணல் சாக்கில் சுற்றிய ஏதோ ஒன்றை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். கூர்முனை சாக்குக்கு வெளியே தெரிந்தது. என்னைப் பேசச் சொல்வார்கள் என்று குறிப்பெல்லாம் மனதில் ஓட்டிவைத்திருந்தேன். அண்ணன் என்னைப் பார்க்கவே இல்லை. அவரே எழுந்தார்.

பூசாரி காதுபடாமல் நான் சொன்னதையும் சேர்த்து, எதையும் மறைக்கவில்லை. அப்பா விமானம் ஓட்டவில்லை, ஸ்டோரில் இருந்தார் என்பதில் ஆரம்பித்தார். மஞ்சள், மஞ்சள் இல்லை. குங்குமம், குங்குமம் இல்லை என்றார். பூசாரி தூணைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். இது யாரும் சாகாத, யாரும் பறக்காத, கழித்துப்போட்ட சாமான் என்று முடித்தார்.

சித்தப்பா சாக்கைத் தட்டினார். “சரிப்பா. சாவு இல்ல. ஒத்துக்கிடுதேன். ஆனா வெள்ளைக்காரன் ஒதவாதுன்னு கழிச்சுப் போட்டத நாம சாஸ்தாவுக்கு வைக்கணுமா? கௌரவமா இருக்குமா, சொல்லு?”

“சித்தப்பா,” என்றார் அண்ணன், “போலீஸ் செலக்‌ஷன்ல என்ன எத்தன தடவ கழிச்சாங்க?”

சித்தப்பா யோசித்தார். “ரெண்டு தடவ. ஒயரம் பத்தலன்னு.”

“மூணாவது தடவ எடுத்தாங்கள்லா? அப்ப ஊரக் கூட்டிச் சோறு போட்டது யாரு?”

“நாந்தான்.”

“கழிச்ச சாமானுக்கா சோறு போட்டீங்க?”

மண்டபம் சிரித்துவிட்டது. சித்தப்பாவும் சிரித்தார், ஆனால் சாக்கை விடவில்லை. செம்புக்கு ஒரு வழி சொல்ல வேண்டும் என்று எல்லோருக்கும் தெரிந்தது. கோபுரத்துக்கு இடிதாங்கி கிடையாது, அதற்குச் செம்புதான் வேண்டும், இதையே உருக்கிச் செய்துவிடுவோம் என்றேன். அன்று நான் பேசிய ஒரே வாக்கியம்; ‘இருக்கலாம்’ அதில் இல்லை. சித்தப்பா அதன் அடியில் பெயர் வெட்டலாமா என்று மட்டும் கேட்டார். கோபுர உச்சியில் யார் படிப்பார்கள் என்று ஒருவர் ஆரம்பிக்க, அண்ணன் கண்ணால் அடக்கினார்.

அடுத்த சில நாட்களில் நானும் சில வேண்டுகோள்கள் வைத்தேன். இத்தகைய பொருளை எப்படிப் பாதுகாக்க வேண்டும் என்று நிறையப் படித்திருக்கிறேன்: ஈரம் படாமல், வெயில் படாமல், கண்ணாடிப் பெட்டிக்குள். அதை மழையிலும் வெயிலிலும் கோபுர உச்சியில் வைக்கப் போகிறார்கள் என்பதால் என் கோரிக்கைகளைச் சுருக்கிக்கொண்டேன். புளி போட்டுத் தேய்க்க வந்த பெண்களைத் தடுத்தேன். வெளியே என்ன நிறம் வேண்டுமானாலும் அடியுங்கள், உள்ளே மட்டும் சுரண்டாதீர்கள் என்றேன். ஒத்துக்கொண்டார்கள். பூசாரி மட்டும் அந்தப் பெருக்கல் குறிக்கு மேல் சொந்தமாக ஒரு விரல் குங்குமம் வைத்தார். இனி வருகிறவர்களுக்கும் பார்க்க ஏதாவது வேண்டுமல்லவா என்றார்.

கலசம் ஏற்றும் நாளன்று சாரத்தின் மேல் நின்று அடியைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் தேவைப்பட்டது. பிளேனைப் பற்றித் தெரிந்தவன் நீதானே என்று அண்ணன் என்னை மேலே ஏற்றிவிட்டார். பெரியப்பாவுக்காக ஏறினேன். தலைகீழாகப் பிடித்த கலசத்துக்குள் கொத்தனார் வரகைக் கொட்டக் கொட்ட, மஞ்சளும் சிவப்பும் மெல்ல மறைவதைக் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு எங்கும் பார்க்கத் தைரியம் இல்லாததும் ஒரு காரணம். ஒரே ஒருமுறை தலையைத் தூக்கினேன். மேகம் விலகியிருந்தது. ஐந்தருவிப் பக்கத்து மலையில் ஒரு வெள்ளைக் கோடு. கீழே அண்ணன் அண்ணாந்து, மேலே ஏறிய சாமானைப் பார்த்துக்கொண்டு நின்றார். வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்தார். சாரல் அப்போது விழவில்லை.

“போதும், கீழ எறங்குங்க, மொகமே வெளுத்துப்போச்சு!” என்று என் மனைவி கத்தினாள்.

அன்று மாலை நியூசிலாந்துக்காரரிடமிருந்து வழக்கமான விசாரிப்பு வந்திருந்தது. இப்படி எஞ்சிய பொருள்களுக்கு அவர் ஒரு கணக்கு வைத்திருக்கிறார். பொருள் இப்போது எங்கே இருக்கிறது, எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்டிருந்தார். அருங்காட்சியகம், சேமிப்புக் கிடங்கு, தனியார் வசம் என்று அவரே சில விடைகளையும் கொடுத்திருந்தார். எதுவும் பொருந்தவில்லை.

கொஞ்சம் யோசித்துவிட்டு எழுதினேன்: ‘பணியில் இருக்கிறது.’

ஏதோ விமானத்தில் பறக்கிறது என்று எடுத்துக்கொண்டு, அலகு எத்தனை மாட்டியிருக்கிறது என்று கேட்டுப் பதில் அனுப்பியிருக்கிறார். நான் இன்னும் எழுதவில்லை.